சொறிக்கு க்ரீமா, மாத்திரையா? லயத்து வீடுகளுக்கு எது சரிப்படும்

கம்பம், குமுளி, வண்டிப்பெரியார், பீர்மேடு என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள மருந்துக்கடைகளில் ஜூன் மழை பிடித்துவிட்டால் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. வீட்டில் சின்னதுக்கு விரலிடுக்கில் கொப்புளம், அம்மாவுக்கு இடுப்பைச் சுற்றி அரிப்பு, அப்பாவுக்குத் தொடையிடுக்கில், எல்லோருக்கும் ராத்திரி கம்பளிக்குள் போனதும் அரிப்பு கூடுகிறது. டாக்டர் சீட்டில் ஸ்கேபிஸ், அதாவது சொறி, என்று எழுதியிருப்பார். அதற்குக் கீழே ஒருவர் பெர்மெத்ரின் க்ரீம் எழுதுகிறார், இன்னொருவர் ஐவர்மெக்டின் மாத்திரை எழுதுகிறார், அரசு ஆஸ்பத்திரியில் பென்சைல் பென்சோயேட் என்கிற வெள்ளைத் தண்ணி மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள், பக்கத்து வீட்டு அக்கா கந்தகக் களிம்பு போதும் என்கிறார். ஒரே நோய்க்கு நாலு மருந்து என்றால் எதை நம்புவது என்று ஆளுக்குக் குழப்பம் வரத்தான் செய்யும்.

குமுளியில் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று பல வருஷமாக இதைப் பார்த்து வருகிறவன் நான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொறி ஒரு வீட்டோடு நிற்கிறது, வீட்டில் ஆட்களும் குறைவு என்றால் பெர்மெத்ரின் க்ரீம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம் முழுக்க, அல்லது ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிற வீட்டுக்குள் பரவிவிட்டது என்றால் ஐவர்மெக்டின் மாத்திரை, மாத்திரை சாப்பிடக் கூடாதவர்களுக்கு மட்டும் க்ரீம். இரண்டுமே வேலை செய்கிற மருந்துகள்தான், முறையாக இரண்டு தவணை எடுத்தால் ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதனால் எது வீரியமான மருந்து என்று கேட்பதைவிட, என் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே நாளில் எதை ஒழுங்காக எடுத்து முடிப்பார்கள் என்று கேட்பதுதான் சரி. மருந்து தோற்கிற இடம் பெரும்பாலும் இங்கேதான்.

ஏன் ஒரே நாள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சொறியை உண்டாக்குகிற பூச்சியின் வாழ்க்கை அப்படி. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, வெறும் கண்ணுக்குத் தெரிவது கஷ்டம். பெண் பூச்சி தோலின் மேல்படலத்துக்குள் வளை தோண்டிக்கொண்டே போய் நாளுக்கு இரண்டு மூன்று முட்டை வைக்கும், ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம் வரை உயிரோடு இருக்கும். முட்டை மூன்று நாலு நாளில் பொரிந்து, பத்துப் பதினாலு நாளில் அடுத்த தலைமுறை தயார். இத்தனைக்கும் சாதாரணமாகச் சொறி வந்த ஒரு ஆளின் உடம்பில் மொத்தமாகப் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும். அரிப்பு முழுக்க அந்தப் பூச்சிக்கும் அதன் எச்சத்துக்கும் நம் உடம்பு காட்டுகிற எதிர்ப்புதான். முதல் தடவையாக ஒட்டுகிறவருக்கு அந்த எதிர்ப்பு உருவாகவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை அவருக்கு ஒரு அரிப்பும் இருக்காது, ஆனால் பக்கத்தில் படுக்கிறவருக்குப் பூச்சியைக் கொடுத்துக்கொண்டே இருப்பார். எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, நான் எதற்கு மருந்து போடணும் என்று ஒதுங்குகிற மாமனாரோ, மூத்த பையனோ ஒருத்தர் போதும், மற்ற எல்லோரும் பட்ட பாடு வீண். ஏற்கனவே ஒருமுறை வந்து குணமானவருக்கு மறுபடி ஒட்டினால் இரண்டு மூன்று நாளிலேயே அரிப்பு தொடங்கிவிடும். அதைத்தான் மருந்து கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த மருந்துக்கு ஓடுகிறார்கள்.

சரி, க்ரீமை எடுத்துக்கொள்வோம். பெர்மெத்ரின் 5 சதவீதம். பூச்சியின் நரம்பைத் தாக்கிச் செயலிழக்க வைக்கிற மருந்து, மனிதத் தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு, போனதும் உடம்பு சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குப் பூசலாம், கர்ப்பிணிக்குப் பூசலாம், பால் கொடுக்கிற அம்மாவுக்குப் பூசலாம் (குழந்தை பால் குடிக்கும் முன் மார்பைத் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்). இந்த ஒரு விஷயத்தில் இதை அடிக்க வேறு மருந்து இல்லை, அதனால்தான் முதல் மருந்தாக உலகம் முழுக்க எழுதுகிறார்கள்.

ஆனால் பூசுகிற விதத்தில் தப்பு செய்கிறவர்கள்தான் நிறைய. அரிக்கிற இடத்தில் மட்டும் தடவுவது பிரயோஜனமே இல்லை. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஒரு இடம் விடாமல் பூச வேண்டும்: விரலிடுக்கு, நகத்துக்கு அடியில், மணிக்கட்டு, அக்குள், தொப்புள், மார்புக்காம்பைச் சுற்றி, இடுப்பில் நாடா படுகிற இடம், பிட்டம், பிறப்புறுப்பு, கால் விரலிடுக்கு. கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் தலை, முகம் (கண், வாயை விட்டு), காதுக்குப் பின்னாலும் சேர்த்து. எட்டு மணி நேரத்திலிருந்து பதினாலு மணி நேரம் உடம்பில் இருக்க வேண்டும், நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும். பூசுவதற்கு முன்னால் வெந்நீர்க் குளியல் அவசியம் இல்லை, குளித்தால் தோல் ஆறிக் காய்ந்த பிறகு பூசுங்கள். ராத்திரி எட்டு மணிக்குப் பூசிவிட்டு அதிகாலை எழுந்து குளித்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களுக்கு நேரக்கணக்கு சரியாகத்தான் வரும். ஏழு நாளிலிருந்து பதினாலு நாளுக்குள் இன்னொரு முறை, முதல் முறை போலவே முழுசாக.

அளவு இன்னொரு பிரச்சினை. வளர்ந்த ஒரு ஆளுக்கு ஒரு முறைக்கு முப்பது கிராம் வேண்டும், முப்பது கிராம் டியூப் என்றால் முழு டியூப். கணவன், மனைவி, பாட்டி, மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டைக் கணக்குப் போடுங்கள். பெரியவர்களுக்குத் தொண்ணூறு கிராம், பிள்ளைகளுக்குப் பாதிப் பாதியாக நாற்பத்தைந்து, மொத்தம் 135 கிராம். இரண்டு முறைக்கு 270 கிராம், ஒன்பது டியூப். கடைக்கு வருகிறவர்கள் ஒன்றோ இரண்டோ வாங்கிக்கொண்டு போய் ஆறு பேரும் பங்கிட்டுத் தடவுகிறார்கள். கூலியில் வாழ்கிற வீட்டில் அது புரிந்துகொள்ளக் கூடியதுதான், ஆனால் அப்படிப் பூசியது பூசாததற்குச் சமம். ஒன்பது டியூப் வாங்க முடியாது என்றால் க்ரீம் உங்கள் வீட்டுக்கான மருந்து இல்லை, தயங்காமல் டாக்டரிடம் அதைச் சொல்லி மாத்திரை கேளுங்கள்.

காசைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது, அதை யாரும் சீட்டில் எழுதுவதில்லை. லயத்து வீட்டில் ஒரு அறை, ஒரு அடுப்படி. அங்கே மாமியார், மருமகள், கல்யாணம் ஆகாத கொழுந்தன், வயசுக்கு வந்த பெண் எல்லோரும் ஒரே ராத்திரியில் துணி களைந்து கழுத்து முதல் பாதம் வரை களிம்பு பூசிக்கொள்ள வேண்டும் என்றால் எங்கே நின்று பூசுவார்கள்? முதுகுக்கு யார் பூசிவிடுவார்கள்? பெண்கள் சேலை மறைவில் கைக்கு எட்டிய இடத்தில் தடவிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள், ஆண்கள் கையிலும் காலிலும் மட்டும் தடவுகிறார்கள், பிறப்புறுப்பில் பூசச் சொல்வதையே கவுண்டரில் ரகசியமாகத்தான் சொல்ல முடிகிறது. இது அவர்களுடைய அசட்டை இல்லை, வீட்டின் அளவு. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே வந்துவிட்டது, தங்க வீடும் மருத்துவ வசதியும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை என்று அதில் அப்போதே எழுதியிருந்தார்கள், இருந்தும் பல லயங்கள் இன்றைக்கும் அந்தக் கால அளவிலேயே நிற்கின்றன. அங்கே போய் ஒரு களிம்பைக் கொடுத்து முழு உடம்பும் பூசு என்றால் மருந்தும் தோற்கும், ஆளும் வெட்கப்பட்டு அடுத்த முறை ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டார்.

மாத்திரைக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. ஐவர்மெக்டின், எடைக்கு ஏற்றபடி கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். ஐம்பது முதல் அறுபத்தைந்து கிலோ வரை உள்ள ஆளுக்கு 12 மில்லிகிராம், நாற்பத்தைந்து கிலோ பெண்ணுக்கு 9, இருபது கிலோ பிள்ளைக்கு 3. சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் இரண்டாவது தவணை கட்டாயம், ஏனென்றால் இந்த மருந்து முட்டையைக் கொல்லாது, முட்டை பொரிந்து வந்தவை வளர்ந்து மறுபடி முட்டை வைக்கும் முன் அடிக்க வேண்டும். முதல் தவணையில் அரிப்பு குறைந்ததும் இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் ஒரு மாதத்தில் திரும்பி வருகிறார்கள். விலையிலும் க்ரீமைவிட இதில் செலவு மிகக் குறைவு.

ஜப்பானில் சதோஷி ஒமுரா என்பவர் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து இது. அமெரிக்காவில் வில்லியம் கேம்பெல்லோடு சேர்த்து அவருக்கு 2015-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கிராமங்களில் கண்ணைக் குருடாக்குகிற புழு நோய்க்கு 1987-லிருந்து இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள், அவ்வளவு கோடிப் பேர் சாப்பிட்ட மருந்து என்பதால் அதன் நல்லது கெட்டது நன்றாகத் தெரியும். சொறியை உலக சுகாதார நிறுவனம் 2017-ல் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது, 2019-ல் ஐவர்மெக்டினைச் சொறிக்கான அத்தியாவசிய மருந்தாகவும் சேர்த்தது.

என் முடிவுக்கு முக்கியமான ஆதாரம் ஃபிஜித் தீவுகளில் நடந்த ஒரு சோதனை, 2015-ல் வெளிவந்தது. மூன்று இடங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு இடத்தில் வழக்கம்போல நோய் வந்தவருக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டும் பெர்மெத்ரின், இரண்டாவது இடத்தில் ஊர் முழுக்கப் பெர்மெத்ரின், மூன்றாவது இடத்தில் ஊர் முழுக்க ஐவர்மெக்டின் மாத்திரை (சாப்பிடக் கூடாதவர்களுக்குக் க்ரீம்). ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், வழக்கமான முறையில் சொறி சுமார் 37 சதவீதத்திலிருந்து 19-க்கு இறங்கியிருந்தது, ஊர் முழுக்கக் க்ரீம் கொடுத்த இடத்தில் 42-லிருந்து 16-க்கு, மாத்திரை கொடுத்த இடத்தில் 32-லிருந்து 2-க்கு. தனி ஆளுக்குச் சமமாக வேலை செய்கிற இரண்டு மருந்துகள் ஊருக்கு என்று வரும்போது இவ்வளவு விலகிப் போவதற்கு, விழுங்குவது எளிது, பூசுவது கஷ்டம் என்பதைத் தவிரப் பெரிதாக வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. தீவில் ஒருவரோடு ஒருவர் நெருங்கி வாழ்கிற ஊருக்கும், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு சுவரைப் பகிர்ந்துகொள்கிற லயத்துக்கும் இந்த விஷயத்தில் அதிக தூரம் இல்லை.

மாத்திரையை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் விளையாட வேண்டாம். பதினைந்து கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இல்லை. கர்ப்பிணிக்கு இல்லை, நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றாலும் பரிசோதித்துவிட்டுத்தான். பிரசவமாகி ஒரு வாரம் ஆகாத அம்மாவுக்கும் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும். “எல்லாருக்கும் ஒரே மாத்திரையா குடுத்திருங்க தம்பி” என்று கேட்கிற அக்காக்களிடம் நான் முதலில் கேட்பது வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார்கள், கைக்குழந்தை உண்டா, பிள்ளைகள் என்ன எடை என்பதைத்தான். சிலருக்குத் தலைச்சுற்றல், தலைவலி வரும், முதல் இரண்டு மூன்று நாள் அரிப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம், பயப்பட வேண்டாம். வயிற்றில் உருண்டைப் புழு இருந்தால் அதுவும் வெளியே போகும், அதைப் பார்த்துப் பதறிக் கடைக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு, அது கூடுதல் லாபம்தான். மாட்டுக்கும் நாய்க்கும் போடுகிற ஐவர்மெக்டின் ஊசி மருந்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மனிதருக்குக் கொடுக்காதீர்கள், அதன் அடர்த்தி வேறு.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

பென்சைல் பென்சோயேட் 25 சதவீதம் பழைய மருந்து, மலிவு. பூசினால் எரியும், சொறிந்து புண்ணாகிய தோலில் பூசினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், குழந்தைகளுக்குத் தண்ணீர் கலந்து பாதியாக்கித்தான் பூச வேண்டும், அதுவும் மருத்துவர் சொன்னால். இந்த எரிச்சலால்தான் பெர்மெத்ரின் வந்ததும் இதை ஒதுக்கினார்கள். ஆனால் சமீபத்தில் இதற்கு மறுபடி மதிப்பு கூடியிருக்கிறது. ஐரோப்பாவில் சில இடங்களில் பூச்சி பெர்மெத்ரினுக்குப் பழகிவருகிறது என்று சந்தேகம், ஆஸ்திரியாவில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து 2024-ல் வெளியிட்ட சோதனையில் பென்சைல் பென்சோயேட் போட்டவர்களில் 87 சதவீதம் பேர் குணமாக, பெர்மெத்ரின் போட்டவர்களில் 27 சதவீதம் பேர்தான் குணமானார்கள். அங்கே நடந்தது இங்கேயும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன், இங்கே தோல்விக்கு முதல் காரணம் இப்போதைக்கும் அரைகுறைப் பூச்சுதான் என்பது என் எண்ணம். ஆனால் எல்லோரும் ஒரே நாளில், முழு உடம்பும், இரண்டு முறையும் ஒழுங்காகப் பூசியும் புதுக் கொப்புளம் வந்துகொண்டே இருந்தால் மூன்றாவது முறையும் அதே பெர்மெத்ரினைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், மாத்திரைக்கோ பென்சைல் பென்சோயேட்டுக்கோ மாறச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

கந்தகக் களிம்பு, ஐந்திலிருந்து பத்து சதவீதம், தொடர்ந்து மூன்று ராத்திரி. நாற்றம், துணியில் கறை, இதெல்லாம் உண்மைதான். ஆனால் இரண்டு மாதம்கூட ஆகாத பச்சைக் குழந்தைக்குத் தைரியமாகப் பூசக் கூடிய மருந்து இதுதான், அந்த ஒரு இடத்தில் இதைத் தள்ளிவிட முடியாது. குரோட்டாமிட்டான் என்கிற பூச்சு மருந்து அரிப்பை ஆற்றும், பூச்சியை ஒழிப்பதில் பலவீனம். லிண்டேன் என்கிற காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு பழைய பாட்டில் வீட்டில் எங்காவது கிடந்தால் குப்பைக்கும் போடாமல் கடையில் கொடுத்துவிடுங்கள். நரம்பைப் பாதித்து வலிப்பு வரவைக்கும் என்று 2003-ல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை போட்ட மருந்து அது, இந்தியாவில் பூச்சிக்கொல்லியாகக்கூட அதைப் பயன்படுத்த 2013-லிருந்து தடை.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. 814 பேருக்கு அப்படிப் பூசி 97 சதவீதம் பேருக்கு மூன்றிலிருந்து பதினைந்து நாளில் குணமானது என்று 1992-ல் ஒரு ஆய்வு வெளிவந்திருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு மருந்து போட்ட கூட்டம் இல்லை, அதற்குப் பிறகு அதை உறுதிப்படுத்துகிற பெரிய சோதனையும் என் கண்ணில் படவில்லை. மருந்து கிடைக்கிற இடத்தில் அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம் என்பேன், மருந்து முடித்த பிறகு மிச்சம் இருக்கிற அரிப்புக்குப் பூசிக் குளித்தால் தப்பில்லை.

இப்போது நான் மிகவும் கவலைப்படுகிற இரண்டு விஷயம். ஒன்று, அரிப்பு என்று சொன்னதுமே கைக்கு வருகிற கலவை க்ரீம்கள், குளோபெட்டசால் மாதிரி கடுமையான ஸ்டீராய்டும், படர்தாமரைக்கான மருந்தும், ஆன்டிபயாட்டிக்கும் ஒரே டியூபில் இருப்பவை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. பூசிய இரண்டு நாளில் அரிப்பு போய்விடும், சிவப்பு மறையும், ஆள் சந்தோஷமாகிவிடுவார். உள்ளே பூச்சி மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் பெருகும், பிறகு டாக்டர் பார்த்தாலும் சொறி என்று அடையாளம் தெரியாத அளவுக்கு அதன் தோற்றம் மாறிப் போயிருக்கும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் வட்ட வட்டமாக அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம், இரண்டு மூன்று பேருக்கு ராத்திரியில் அரித்தால் சொறியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, ஏலத்தோட்டத்தில் அடிக்கிற மருந்து. பெர்மெத்ரினும் தோட்டத்தில் அடிக்கிற சில பூச்சிக்கொல்லிகளும் ஒரே குடும்பம் என்று யாரோ சொல்லக் கேட்டு, மிச்சம் இருந்ததைத் தண்ணீரில் கலந்து துடைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கூடவே கூடாது. அதில் கலந்திருக்கிற கரைப்பான்களும் அடர்த்தியும் வேறு, புண்பட்ட தோலில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

துணி விஷயத்தில் அளவுக்கு மீறி அலட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெலன்பி என்பவர், போருக்குப் போக மறுத்த தன்னார்வலர்களை நோயாளிகள் பயன்படுத்திய கம்பளியிலும் உள்ளாடையிலும் படுக்கவைத்துப் பார்த்தார், ஒட்டியது மிகச் சிலருக்குத்தான். ஒன்றாகப் படுத்த உடம்பிலிருந்து உடம்புக்குத்தான் இது முக்கியமாகப் போகிறது. ஆனாலும் நம் மலையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது, குளிரும் ஈரமும் கூடினால் பூச்சி உடம்புக்கு வெளியே கூடுதல் நாள் தாங்கும். கீழே கம்பத்தில் வெயிலில் ஒரு நாள் காயப்போட்டால் முடிகிற வேலை இங்கே ஜூலையில் நடக்காது. மருந்து எடுப்பதற்கு முந்தைய மூன்று நாளில் உடுத்திய துணி, போர்வையை வெந்நீரில் முக்கித் துவையுங்கள். துவைக்க முடியாத கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே வைத்துவிடுங்கள். உரச்சாக்கு, மருந்துச்சாக்கு வேண்டாம்.

புண்ணில் சீழ் வைத்திருந்தால் கணக்கே மாறுகிறது. அப்போது க்ரீமோ, பென்சைல் பென்சோயேட்டோ பூசுவது வேதனை, மாத்திரை கைகொடுக்கும், கூடவே சீழுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், அதை டாக்டர்தான் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இது சும்மா தோல் நோய் இல்லை. அந்தப் புண்ணில் சேர்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சில வாரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். காலையில் எழுந்ததும் பிள்ளையின் முகம், கண் ரெப்பை வீங்கியிருக்கிறதா, மூத்திரம் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போகிறதா, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள், கடைக்கு வராதீர்கள். அதேபோல வயதானவர் ஒருவருக்கு அரிப்பே அதிகம் இல்லாமல் கையிலும் காலிலும் செதில் செதிலாகத் தடித்துப் பொருக்குத் தட்டியிருந்தால் அது வேறு வகை. அந்த உடம்பில் ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் பூச்சி இருக்கும், லயத்தில் திரும்பத் திரும்பச் சொறி கிளம்ப அவரே காரணமாக இருக்கலாம். அவருக்கு ஒரு மருந்து போதாது, பல தவணை மாத்திரையும் பூச்சும் சேர்த்து ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவரை ஒதுக்கி மூலையில் உட்காரவைப்பது பாவம், அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மருந்து முடித்த பிறகும் இரண்டு வாரம், சிலருக்கு நாலு வாரம் அரிப்பு இருக்கும். செத்த பூச்சியும் எச்சமும் தோலோடு உதிரும் வரை அப்படித்தான். புதிதாகக் கொப்புளமோ வளையோ வராமல் அரிப்பு மட்டும் இருந்தால் அது குணமாகிற வழிதான், அரிப்பை அடக்குகிற மாத்திரையும் (ஐவர்மெக்டின் இல்லை) தேங்காய் எண்ணெயும் போதும். ஆண்களுக்குப் பிறப்புறுப்பில் வருகிற சின்னச் சின்ன முடிச்சுகள் ஆற மாதக்கணக்காகும், அதற்காக மறுபடி மறுபடி பெர்மெத்ரின் பூசித் தோலை எரித்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோரும் மருந்து எடுக்கிற அந்த ஒரே நாளை எப்படிக் குறிப்பது? நம் பக்கத்துக் குடும்பங்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கின்றன. அப்பா அம்மா வண்டிப்பெரியாரில் லயத்தில், பிள்ளை கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ ஹாஸ்டலில், பாட்டி தேவாரத்தில். லயத்தில் எல்லோரும் மருந்து எடுத்து முடித்த அடுத்த வாரம் பிள்ளை லீவுக்கு வந்து அம்மா பக்கத்தில் படுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால் போன ஒன்றரை மாதத்தில் யார் யார் உங்கள் வீட்டில் படுத்து எழுந்தார்களோ அத்தனை பேரையும் கணக்கில் எடுத்து, நீங்கள் ஒரு சனிக்கிழமை ராத்திரி மருந்து எடுப்பதாக இருந்தால் அவர்களும் அதே ராத்திரி எடுக்கும்படி போனில் சொல்லிவிடுங்கள், ஹாஸ்டல் வார்டனிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஒரே ஜீப்பில் நெருக்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றிக் கேட்பீர்கள், துணிமேல் உட்கார்ந்து போவதில் ஒட்டுவது அபூர்வம், ஒன்றாகத் தங்கிப் படுக்கிறவர்கள்தான் முக்கியம். தோட்டத்தில் வேலைக்கு வந்து ஒரே ஷெட்டில் தங்குகிற அசாம், ஜார்கண்ட் பையன்களையும் விட்டுவிடாதீர்கள், அவர்களுக்குப் பாஷை தெரியாததால் கடைசியில்தான் மருந்து போய்ச் சேருகிறது.

லயத்தில் மூன்று வீட்டுக்கு மேல் சொறி என்றால் ஆளுக்கு ஆள் கடைக்கு வர வேண்டாம். ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியிடமோ தோட்ட டிஸ்பென்சரியிலோ போய், எங்கள் வரிசையில் இத்தனை வீடு, மொத்தம் இத்தனை ஆள், இதில் பதினைந்து கிலோவுக்குக் கீழே இத்தனை குழந்தை, முழுகாமல் இருக்கிறவர்கள் இத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டாக்டருக்கு முடிவெடுக்க அது மிகவும் உதவும், மாத்திரை எத்தனை, க்ரீம் எத்தனை என்று அப்போதே கணக்கு வந்துவிடும். வாங்கும்போது இரண்டு தவணைக்கும் சேர்த்தே வாங்குங்கள், இரண்டாவது தவணை மாத்திரையை அந்தந்த வீட்டுப் பெயர் எழுதித் தனிக் கவரில் போட்டு, அடுத்த சனிக்கிழமையோ அதற்கு அடுத்த சனிக்கிழமையோ, டாக்டர் சொன்ன தேதியைக் கவரின் மேலேயே பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.